மனைவி புலம்பல்

சீகிரியாக் குன்றின் மேற்குச் சரிவில், மேலேறிச் செல்வோர் கீழே வீழ்ந்துவிடாமற் காப்பதற்கென எழுப்பப்பட்டு, வெண்சுண்ணச் சாந்து பூசி முகம் தெரியுமளவுக்குத் தேய்த்து மெருகிடப்பட்டமையாற் கண்ணாடிச் சுவர் என்று பெயர்பெற்ற நெடுஞ்சுவரிலே, அக்குன்றிலே கோட்டை கட்டிய காசியப்ப மன்னன் மாண்டு சில நூற்றாண்டுகள் கழிந்தபின், எட்டாம் நூற்றாண்டு தொடங்கிப் பத்தாம் நூற்றாண்டு வரையில் அங்கு வந்துபோன யாத்திரிகர்கள் கீறிவைத்த சிறு செய்யுள்கள் இன்றும் இருக்கின்றன. தொல்பொருள் ஆணையாளராக இருந்த செனரத் பரணவிதான அவர்கள், ஒன்றன்மேல் ஒன்றாகக் கீறப்பட்டுச் சிதைந்துகிடந்த அவ்வெழுத்துகளைப் பல்லாண்டு காலம் பொறுமையோடு வாசித்து, 685 செய்யுள்களை 1956இல் இரண்டு பெருந்தொகுதிகளாக வெளியிட்டார். அவற்றுட் பல, பாறையின் நெற்றியிலே தீட்டப்பட்டிருக்கும் பொன்னிறப் பெண்களை நோக்கி எழுதப்பட்டவை. சிலர் அழகை வியக்கிறார்கள்; சிலர், இத்தனை தூரம் ஏறிவந்தும் இவர்கள் ஒரு வார்த்தை பேசவில்லையே என்று குறைப்படுகிறார்கள்; வேறு சிலரோ, அந்த மௌனத்துக்குரிய காரணத்தைத் தாமே கண்டுகொண்டவர்களாய், இவர்கள் இறந்துபோன அரசனுடைய தேவியர், கணவனைப் பிரிந்த துக்கத்தினாலேதான் வாய் திறவாது நிற்கின்றனர் என்று பாடி, அத்துக்கம் எத்தகையது என்பதையும் அவர்கள் சார்பிலே தாமே எடுத்துரைக்கிறார்கள்.

அறிஞர்கள் இப்படி எண்ணவில்லை. 1890களில் இங்கே அகழ்வாய்வைத் தொடங்கிய எச். சி. பி. பெல், இப்பெண்கள் அயலிலுள்ள பிதுரங்கல விகாரைக்கு மலரேந்திச் செல்லும் அரண்மனை மகளிர் என்றார். ஆனந்த குமாரசுவாமி அப்சரஸ்கள் என்றார். பரணவிதான அவர்களோ மேகமும் மின்னலும் பெண்ணுருக் கொண்டவை என்று ஒரு விளக்கம் தந்தார். எனினும், படிப்பின் சுமை இல்லாமல் வியர்வையோடு ஏறிவந்து மூச்சிரைக்க நின்ற ஒரு சாதாரண மனிதனுக்கு அங்கே விதவைகள் தென்பட்டார்கள் என்பது என்னை நீண்டகாலமாகச் சிந்திக்க வைத்திருக்கிறது. அப்பெண்கள் முத்தும் பொன்னும் அணிந்திருக்கிறார்கள். கூந்தலில் மலர் சூடியிருக்கிறார்கள். சிலர் தட்டு நிறையப் பூ வைத்திருக்கிறார்கள். துக்கத்துக்குரிய அடையாளம் என்று நம்முடைய சம்பிரதாயம் வகுத்திருப்பவற்றுள் ஒன்றுகூட அவர்கள்மேல் இல்லை. அவ்வாறிருந்தும், சர்வாலங்கார பூஷிதைகளாய் நிற்கும் பெண்களிடத்திலே ஒருவன் துக்கத்தைக் கண்டானென்றால், அவன் தன் வீட்டிலே யாரையோ பார்த்திருக்கிறான் என்றுதான் கொள்ள வேண்டும்.

மாத்தளையில் ஆசிரியத் தொழில் செய்கின்ற நான், மாணவிகளை அழைத்துக்கொண்டு பலமுறை அச்சுவரின் அருகே நின்றிருக்கிறேன். ஆயினும் அந்தச் செய்யுள்களின் உட்பொருள் எனக்கு விளங்கியது, கடற்படையிலே சேவைசெய்து ஓய்வுபெற்று முதுமையெய்தி மறைந்த என் தந்தையாருக்குக் கல்வெட்டு எழுதவேண்டிய கடமை என்மேல் வந்து விழுந்தபோதுதான்.

ஈழத்துத் தமிழ்க் குடும்பங்களிலே ஒருவர் காலமானால், முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியையன்று, அவருடைய நினைவாக ஒரு சிறு புத்தகம் அச்சிட்டு வந்தவர்களுக்கெல்லாம் வழங்குவது வழக்கம். அதற்குத்தான் கல்வெட்டு என்று பெயர். விநாயகர் காப்பு, தேவார திருவாசகங்கள், அமரரின் ஜீவிய சரிதம், அவர் மறைந்த ஆண்டு மாதம் பட்சம் திதி ஆகியவற்றைச் சந்ததியார் மறவாதிருக்கும்பொருட்டு யாத்த திதி வெண்பா, பின்னர் மனைவி புலம்பல், மக்கள் புலம்பல், மருமக்கள் புலம்பல், பேரர் புலம்பல் என்று உறவுமுறை வரிசையிலே செய்யுள்கள், இறுதியில் நன்றி நவிலல். புலம்பல்களைப் பாடுகிறவர் குடும்பத்தாரல்லர். ஊரிலுள்ள புலவர் ஒருவர். மனைவி அழுவதற்கு ஒரு விருத்தம், மகள் அழுவதற்கு ஒரு விருத்தம் என்று, அழுகிறவர்களின் முகத்தை அதிகம் பாராமலே அவர் இயற்றித் தருவார். இவ்வழக்கத்தைப் பழிப்பதற்காக இதைச் சொல்லவில்லை. ஒரு வீட்டிலே துயரத்தினால் எல்லோருடைய நாவும் கட்டுண்டு கிடக்கும்போது, பேசத் தெரிந்த ஒருவர் வந்து அவர்களுக்காகப் பேசுவது பெரிய உபகாரம். ஓசையோடு சேர்ந்த சொல் அழுவதற்கு ஒரு வழி திறந்துவிடுகிறது. சாவு வீட்டில் ஒப்பாரி சொல்லும் கிழவி செய்வதும் அதைத்தான்.

எங்கள் ஊர்ப் புலவர் ஐயாவும் அவ்விதமே பாடிக் கொடுத்தார். மனைவி புலம்பல் நான்கு விருத்தங்கள். எதுகையும் மோனையும் பிசகாதவை. அவற்றிலே என் தாயார், கொம்பை இழந்த கொடியாய்த் துவண்டு, இனி உயிர் வாழேன், உம்மோடு என்னையும் அழைத்துக்கொள்ளும் என்று கதறினார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அம்மா அந்தத் தாளை இரண்டுமுறை வாசித்தார். பிறகு அதை மடித்துப் புலவர் ஐயாவின் கையிலே மரியாதையோடு திருப்பிக் கொடுத்து, “ஐயா, பாட்டு நல்லாத்தான் இருக்குது. ஆனா நான் இப்பிடிச் சொல்லேல்லை” என்றார்.

என் தந்தையாருடைய சரிதத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். திருகோணமலைத் துறைமுகத் தளத்திலே பிரித்தானியரிடம் கூலிவேலை பார்த்த ஒருவருக்கு மகனாகப் பிறந்தார். 1950 டிசெம்பர் 9ஆம் திகதி அரச இலங்கைக் கடற்படை தோற்றுவிக்கப்பட்டபோது அவர் பள்ளிக்கூடத்துச் சிறுவன். 1957 ஒக்டோபர் 15ஆம் திகதி திருகோணமலைத் தளம் இலங்கையிடம் ஒப்படைக்கப்பட்டது. அடுத்த ஆண்டே அவர் மாலுமியாகச் சேர்ந்துவிட்டார். கப்பலின் அடிவயிற்றிலே கொதிகலன்களுக்கு எண்ணெய் ஊட்டி நீராவியின் அழுத்தத்தைக் கண்காணிக்கும் வேலை; ஸ்டோக்கர் என்பது அன்றைய வழக்கு. விஜய, பராக்கிரம, கஜபாகு, மகாசென என்று பழைய அரசர்களின் பெயர் தாங்கிய கப்பல்கள்; காரைநகரிலிருந்த தளத்துக்கு எல்லாளனின் பெயர். 1972 மே 22ஆம் திகதி நாடு குடியரசானபோது கடற்படையின் பெயரிலிருந்து ‘அரச’ நீங்கியது. அவர் அதன் பின்னும் சில ஆண்டுகள் கடமையாற்றி, நாட்டில் யுத்தம் மூளுமுன் ஓய்வுபெற்றார். கடற்படையில் இருந்தாரென்றாலும் அவர் கடலைப் பார்த்தது குறைவு. கொதிகலன் அறைக்கு யன்னல் இல்லை.

அம்மா அவருடைய கடலை வேறொரு வகையிலே அறிந்திருந்தார். வெள்ளைச் சீருடையைக் கிணற்றடியிலே தோய்த்து, நீலம் போட்டு அலசி, வடிகஞ்சியைத் துணியில் வடித்துக் கட்டியில்லாமற் கரைத்து அதில் முக்கி, நிழலிலே காயவிட்டு, முற்றக் காய்வதற்கு முன்னர் எடுத்துச் சிரட்டைக் கரி போட்ட இஸ்திரிப் பெட்டியால் அழுத்துவார். அக்காலத்து மாலுமிகளின் அகன்ற காற்சட்டைக்கு மடிப்பு நெடுக்கே வராது, குறுக்கே வரவேண்டும், உட்புறத்தை வெளியே திருப்பி வைத்து, மடிப்புக்கு மடிப்பு இடைவெளி ஒத்திருக்கும்படி அழுத்தவேண்டும். கரிப்பெட்டியிலிருந்து ஒரு பொறி வெள்ளைத் துணியில் விழுந்தாற் போதும், மறுநாள் அணிவகுப்பிலே அப்பா தலைகுனிய நேரும். ஆகவே பெட்டியைத் தூக்கி எடுக்கும்போதெல்லாம் அம்மா அதை வாசற்பக்கம் கொண்டுபோய் ஊதிச் சாம்பலைப் போக்கிவிட்டுத்தான் துணியிலே வைப்பார். கழுத்துப் பட்டையிலும் கைமடிப்பிலும் எங்கே எண்ணெய்க் கறை இருக்கிறது, எந்தப் பக்கத் தையல் அதிகம் தேய்ந்திருக்கிறது என்பதிலிருந்து, அவர் எந்தக் கப்பலில் எந்தப் பக்கத்து வால்வைத் திருப்பிக்கொண்டிருந்தார் என்பதுவரை ஊகித்துவிடுவார். கணவனுடைய தொழிலை அதன் அழுக்கின் மூலமாக ஒரு பெண் கற்றுக்கொண்ட விதம் இது.

திதிகளையும் அவர் அப்படியே கற்றார். ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் அந்தக் கடற்படைக்கு இருந்த தலையாய வேலை, பாக்கு நீரிணையைக் கடந்து தென்னிந்தியாவிலிருந்து அனுமதியின்றி வருவோரை மறித்துப் பிடிப்பது. ‘கள்ளத்தோணி’ என்ற வசைச்சொல் நாடெங்கும் ஒலித்த காலம் அது. தோணிகள் நிலவில்லாத இரவிலே வரும். ஆதலால் தேய்பிறை முற்றி அமாவாசையை அண்டும் நாட்களிலே அப்பா வீட்டில் இருக்கமாட்டார். பஞ்சாங்கம் பாராமலே அம்மா வானத்தைப் பார்த்து, இன்றைக்குத் தசமி, நாளைக்கு ஏகாதசி, இனி ஒரு கிழமைக்கு அவர் இல்லை என்று கணக்கிட்டுக்கொள்வார். மற்ற வீடுகளிலே விரதத்துக்கும் திவசத்துக்குமாகப் பார்க்கப்பட்ட திதி, எங்கள் வீட்டிலே பிரிவுக்கும் வரவுக்குமாகப் பார்க்கப்பட்டது. 1964 டிசெம்பர் மாதத்துப் பெருஞ்சூறாவளி திருகோணமலையையும் மன்னாரையும் அடித்து நொறுக்கித் தனுஷ்கோடியையே கடலுக்குள் இழுத்துக்கொண்டபோது, எங்கள் வீட்டுக் கூரை பறந்த பக்கத்தைப் பனையோலையால் மறைத்துவிட்டு, அப்பா எந்தக் கடலில் இருக்கிறார் என்று தெரியாமல், கஞ்சி போட்ட சீருடைகளை மாத்திரம் நனையாத பெட்டியிலே பத்திரப்படுத்தி வைத்துக்கொண்டு காத்திருந்தவர் அம்மா.

கொதிகலன் அறையின் இரைச்சல் அப்பாவின் செவியைக் கொண்டுபோய்விட்டது. ஓய்வுபெறும்போதே இடக்காது கேளாது; பிற்காலத்தில் இரண்டும். வீட்டிலே பேச்சுக் குறைந்து சைகை வந்தது. கையைக் குவித்தால் தண்ணீர். விரல்களைச் சேர்த்து வாயருகே கொண்டுபோனாற் சாப்பாடு. முகவாயைத் தடவினாற் சவரம் செய்துகொள்ளும்படி ஞாபகமூட்டல். வலக்கையை மார்பருகே வைத்து விரல்களை மெல்ல அசைத்தால் அது மூத்தவளாகிய என்னைப் பற்றிய செய்தி. இன்னும் எத்தனையோ சைகைகள் இருந்தன. அவற்றின் பொருள் பிள்ளைகளாகிய எங்களுக்கே தெரியாது. மாலை வேளையிலே இருவரும் விறாந்தையில் உட்கார்ந்திருப்பார்கள். ஒரு மணிநேரம் கழிந்தாலும் ஒலி எழாது. கைகள் இடையிடையே அசையும், அப்பா சிரிப்பார். தெருவால் போகிறவர்கள், பாவம், பேச்சு வார்த்தையில்லாத வீடு என்று எண்ணியிருக்கலாம்.

சுவரோவியப் பெண்கள் பேசவில்லையே என்று குறைப்பட்ட யாத்திரிகர்களை நினைக்கும்போது இந்த விறாந்தைதான் எனக்குத் தோன்றுகிறது. அப்பெண்களின் கைகளைக் கவனித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: ஒருத்தியின் விரல்கள் பூங்காம்பைப் பற்றியிருக்கும் நளினம், இன்னொருத்தியின் உள்ளங்கை திரும்பியிருக்கும் பாங்கு, வேறொருத்தியின் கையைத் தீட்டிய ஓவியன் முதலில் ஒரு நிலையிலே வரைந்து பின்னர் மாற்றிய கோடு. வாயை நோக்கியவர்களுக்கு மௌனம் தென்பட்டது. கைகளை நோக்கியிருந்தால், ஒருவேளை, வேறு பாட்டுப் பாடியிருப்பார்கள்.

அப்பாவுக்குச் சீகிரியாவின்மேல் மதிப்பு இருந்ததில்லை. அவருடைய பக்தியெல்லாம் கலாவாவியின்மேல். நாங்கள் சிறுவராய் இருந்த காலத்திலே திருகோணமலையிலிருந்து பஸ்ஸில் வரும்போது, ஹபறணையைத் தாண்டி இனாமலுவைச் சந்தி நெருங்குகையில் மரங்களுக்கு மேலே குன்று தென்படும்; நாங்கள் எட்டிப் பார்ப்போம். அவரோ, அந்தப் பக்கம் பாராமலே, தாதுசேன மன்னனின் கதையைச் சொல்லத் தொடங்குவார். பழைய வரலாற்று நூலாகிய சூளவம்சம் கூறும் கதைதான். தந்தையாகிய தாதுசேனனைச் சிறையிலிட்ட காசியப்பன், ஒளித்துவைத்த திரவியம் எங்கே என்று கேட்டு ஆளனுப்ப, கலாவாவிக்கு அழைத்துச் சென்றாற் காட்டுவேன் என்கிறான் கிழவன். அங்கே சென்று, தான் கட்டுவித்த குளத்திலே இறங்கி நீராடி, நீரைக் காட்டி, என் செல்வம் இவ்வளவே என்கிறான். அதன்பின் அவனைச் சுவரோடு சேர்த்து மண்பூசிக் கொன்றுவிடுகிறார்கள். இந்த இடத்திலே அப்பா கையைக் குவித்துக் காட்டுவார். அக்குளத்திலிருந்து அநுராதபுரத்துக்கு நீர் கொண்டுசெல்லும் ஜயகங்கை, முதற் பதினேழு மைல் தூரத்துக்கு மைலுக்கு ஆறு அங்குலம் மாத்திரமே தாழ்ந்து செல்கிறது என்பதைச் சொல்லும்போது, நீராவியின் அழுத்தத்தை மானியிலே பார்த்துப் பார்த்துப் பழகிய அம்மனிதரின் முகத்திலே தெரியும் மரியாதையை எந்தக் கோயிலிலும் நான் கண்டதில்லை. உப்புக் கடலிலே நன்னீரை அளந்து வாழ்ந்தவர் அவர். கரைக்கு வந்த பிறகும், கிணறு நிறையத் தண்ணீர் இருக்க, ஒரு வாளியோடு குளித்து முடிப்பார்.

அக்குவிந்த கைக்கு இன்னொரு காரணமும் இருந்ததை அவர் கண்மூடுவதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பு அறிந்தேன். ரோந்துக் கப்பலிலே ஓரிரவு பிடிபட்டவர்களை மேற்றளத்தில் உட்காரவைத்திருந்தார்களாம். கீழே முறை மாறி மேலே காற்று வாங்க வந்த அப்பா, தமிழ்க் குரல் கேட்டு நின்றார். ஒரு முதியவர், “அப்பு, கொஞ்சம் தண்ணி” என்று கையைக் குவித்து நீட்டினார். தன் பங்குக் குவளையை எடுத்துக் கொடுத்துவிட்டு அவர் கீழே இறங்கிவிட்டார். அவ்வளவுதான் நிகழ்ச்சி. ஆனால் அதைச் சொன்ன பிறகு அவர் நெடுநேரம் பேசவில்லை. அந்த முதியவர் எங்கே போக வந்தாரோ நான் அறியேன். மாத்தளையிலோ கண்டியிலோ தோட்டத்து லயமொன்றிலே அவருக்கு மக்கள் இருந்திருக்கக்கூடும். பத்தொன்பதாம் நூற்றாண்டிலே அத்தகையோரின் முன்னோர், மன்னார்க் கரையிலிறங்கி, காட்டுவழியே தம்புள்ளையூடாக மாத்தளைக்கு நடந்தே வந்தார்கள். வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் வழியிலே விழுந்தவர்களின் தொகையை எவரும் சரிவர எழுதிவைக்கவில்லை. 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் அவர்களுடைய வழித்தோன்றல்களை நாடற்றவர்களாக்கிற்று. சீகிரியாவின் நிழல் படாத தூரத்தில் அந்தப் பாதை கிடக்கிறது. அதிலே மாண்ட கணவன்மாருக்கும் தகப்பன்மாருக்கும் புலம்பல் பாட ஒரு புலவரும் இருந்ததில்லை. ஒரு கல்வெட்டுக்கு நாலு விருத்தம் போதுமா என்று நாங்கள் ஆலோசித்துக்கொண்டிருந்த வேளையில் இந்த நினைவு என்னை உறுத்திக்கொண்டேயிருந்தது.

புலம்பலிலும் பார்க்கப் பெரிய பிரச்சினை அட்டைப்படத்தால் வந்தது. அப்பா வெள்ளைச் சீருடையில் நிற்கும் படத்தையே முன்பக்கத்தில் போடவேண்டும் என்றார் அம்மா. வெளிநாட்டிலிருந்து வந்திருந்த தம்பி என்னைத் தனியே அழைத்து, “அக்கா, அந்தப் படம் வேண்டாம். ஆக்கள் என்ன நினைப்பினம்? வேட்டி சால்வையோட இருக்கிறதைப் போடுவம்” என்றான். அவனுடைய தயக்கம் நியாயமற்றதன்று. 1985 மே 15ஆம் திகதி நெடுந்தீவிலிருந்து புறப்பட்ட குமுதினிப் படகு நடுக்கடலிலே மறிக்கப்பட்டு, அதில் இருந்த பயணிகள் வெட்டியும் குத்தியும் கொல்லப்பட்டபோது, வந்தவர்கள் கடற்படையினரே என்று உயிர்தப்பியவர்கள் சொன்னார்கள். வலை வீசப் போனவர்கள் திரும்பி வராத வீடுகள் எங்கள் உறவுக்குள்ளேயே உண்டு. அந்த வீடுகளிலிருந்தும் அந்தியேட்டிக்கு ஆட்கள் வருவார்கள். அவர்களுடைய கையிலே இந்த வெள்ளை உடுப்பைக் கொடுப்பதா?

அப்பா உடுத்த காலத்திலே அந்த உடுப்புக்கு வேறு பொருள் இருந்தது என்று வாதாடலாம். 1960 முதல் 1970 வரையில் அக்கடற்படைக்குத் தளபதியாக இருந்தவர் றியர் அட்மிரல் ராஜன் கதிர்காமர் என்ற தமிழர். பிற்காலத்தில் வெளிநாட்டமைச்சராக இருந்து 2005 ஓகஸ்ட் 12ஆம் திகதி கொல்லப்பட்ட லக்ஷ்மன் கதிர்காமரின் தமையனார். தமிழன் ஒருவன் தளபதியாக இருந்த படையில் ஸ்டோக்கராக இருப்பதிலே இழிவும் இல்லை, விசித்திரமும் இல்லை என்பது அப்பாவின் தலைமுறையின் அனுபவம். இந்த வாதம் உண்மையானது. ஆனால் அது சாவு வீட்டுக்கு வரும் ஒரு நெடுந்தீவுப் பெண்மணிக்கு ஆறுதலாகாது என்பதையும் நான் அறிவேன். நாங்கள் இருவரும் விறாந்தையிலே குசுகுசுத்ததை அம்மா எப்படியோ உணர்ந்துகொண்டார். “அந்த உடுப்பை நான்தான் தோய்ச்சுக் கஞ்சி போட்டனான். அதில என்ன கறை இருந்தது எண்டு எனக்குத் தெரியும், தம்பி” என்றார். அதன்மேல் எவரும் பேசவில்லை.

அந்த முப்பத்தொரு நாட்களுக்கிடையிலே பாடசாலை அலுவலாக ஒருநாள் மாத்தளைக்கு வந்து திரும்புகையில், இனாமலுவையில் இறங்கி நான் சீகிரியாவுக்குப் போனேன். அப்பா பார்க்க விரும்பாத குன்று. தகப்பனைக் கொன்றவனுடைய கோட்டை. அந்தத் தகப்பனைக் கொன்றவனும் ஒரு தகப்பன் என்பதைச் சூளவம்சமே சொல்லுகிறது: அநுராதபுரத்திலே ஒரு பழைய விகாரையைப் புதுக்கி, போதி, உப்பலவண்ணை என்ற தன்னுடைய இரண்டு புதல்வியரின் பெயரையும் தன் பெயரையும் அதற்கு இட்டான். அவனுடைய மக்கள் அவனை எப்படி நினைத்தார்கள் என்று எந்த ஏட்டிலும் இல்லை. ஆனால் கல்லில் அவர்களுடைய பெயரோடு சேர்த்தே அவனுடைய பெயர் வாசிக்கப்படுகிறது. பதினெட்டு ஆண்டுகள் ஆண்ட பின்னர், பாரத தேசத்திலிருந்து படையோடு வந்த தம்பி முகலனோடு பொருத களத்திலே, தன் யானை சேற்றுநிலத்தைக் கண்டு திரும்பியதைத் தோல்வியென்று எண்ணிச் சேனை சிதற, தன் கத்தியாலே தன் கழுத்தை அறுத்துக்கொண்டு மாண்டான். அவனுக்குரிய தகனக் கிரியையை நடத்தியவன் முகலன். தன் தகப்பனைக் கொன்றவனுக்கு, தன்னையும் கொல்லத் தேடியவனுக்கு, தம்பி முறையிலே செய்யவேண்டியதை அவன் செய்தான். நெருப்பு மூட்டியதனால் முகலன் அண்ணனை மன்னித்துவிட்டான் என்று நூல் சொல்லவில்லை. மன்னிப்பு வேறு, கிரியை வேறு. முன்னது முடியாத இடத்திலும் பின்னது நடந்தாக வேண்டும் என்று அவன் அறிந்திருந்தான்.

முந்நூறு ஆண்டு கழித்து வந்து சுவரிலே எழுதியவர்களும் காசியப்பனின் பாதகத்தை அறியாதவர்களல்லர் என்றே நினைக்கிறேன். பிக்குகளும் அவர்களுள் இருந்தார்கள்; நாட்டின் சரித்திரம் அவர்களுடைய கையிலேதான் இருந்தது. இருந்தும், அவனை இழந்து நிற்பவர்கள் என்று தாம் நம்பிய பெண்களின்முன் நின்றபோது, அவர்கள் அந்தப் பாதகத்தை முன்னால் எடுத்துவைக்கவில்லை. எனக்கு அச்சுவரிலே மிகவும் பிடித்த பண்பு இதுதான். அதே சமயத்தில், அவர்களுடைய இரக்கத்திலே ஒரு அவசரமும் இருக்கிறது. ஒரு பெண் வாய் திறவாமல் நிற்பாளாயின், அவளுக்காக நாம் பேசவேண்டும் என்ற அவசரம். புலவர் ஐயாவுக்கு இருந்ததும் அந்த அன்பும் அந்த அவசரமுமே. சாகத் துணியாத ஒரு மனைவிக்கு அன்பு குறைவென்று எவரேனும் எண்ணிவிடுவார்களோ என்று அஞ்சி, அவர் என் தாயாரை நான்கு விருத்தங்களிலே சாகத் துணிய வைத்துவிட்டார்.

நான் வீடு திரும்பியபோது அம்மா ஒரு கொப்பித் தாளிலே பென்சிலால் எழுதி வைத்திருந்தார். மனைவி புலம்பல் இருந்த பக்கத்துக்கு இதைப் போடச் சொன்னார். அப்பா கடமையாற்றிய கப்பல்களின் பெயர்கள், ஒவ்வொன்றிலும் அவர் இருந்த ஆண்டுகள், எந்தக் கப்பலிலிருந்து இறங்கியபோது எந்தப் பிள்ளை பிறந்திருந்தது, எந்தக் கப்பலிலே கையைச் சுட்டுக்கொண்டார், எந்தக் கப்பலோடு காது போயிற்று. சூறாவளி நடந்த மாதத்துக்கு எதிரே, வீடு வந்தது தேய்பிறை திரயோதசி என்று மாத்திரம் குறித்திருந்தார். புலம்பல் என்று சொல்லத்தக்க ஒரு சொல்லும் அதில் இல்லை. இதைப் பாட்டாக்கித் தரட்டுமா என்று புலவர் ஐயா கேட்டார். வேண்டாம் என்று அம்மா கையசைத்தார். புலவர் ஐயா அதை வாசித்துவிட்டு, மக்கள் புலம்பலிலும் இரண்டு செய்யுள்களைத் தாமே அடித்துவிட்டு, திதி வெண்பாவை மட்டும் புதிதாக எழுதித் தந்தார். அதிலே கடல் என்ற சொல் வந்திருந்தது.

அட்டையிலே சீருடைப் படம்தான். அச்சகத்திலே பிழை திருத்தியவன் தம்பி. கப்பற் பெயர்களை எழுத்துக்கூட்டிச் சரிபார்த்து, எது எந்த ஆண்டு என்று அம்மாவிடம் மறுபடி கேட்டு உறுதிசெய்துகொண்டான். அந்தியேட்டியன்று தீவுப்பகுதியிலிருந்து வந்த எங்கள் உறவுப் பெண்மணி ஒருவர் புத்தகத்தை வாங்கி, படத்தைக் கண்டதும் சற்றுத் தயங்கினார். பின்பு அம்மாவின் அருகிலே வந்து உட்கார்ந்து, “இவர் எந்தக் காலம் இதில இருந்தவர், அக்கா?” என்று கேட்டார். அம்மா பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். இருவரும் அந்தப் பட்டியலை மேலிருந்து கீழாக வாசித்தார்கள்; எந்த ஆண்டில் தன் கணவர் முதன்முதல் கடலுக்குப் போனார் என்பதை அந்த அம்மையார் விரல் வைத்துச் சொல்ல, அந்த ஆண்டிலே அப்பா எந்தக் கப்பலில் இருந்தார் என்று அம்மா சொன்னார். சாப்பாட்டுக்கு அழைக்கும்வரை அவர்கள் அந்தக் கணக்கிலேயே இருந்தார்கள்.